பிரீமியம் தட்கலில் அம்மாவுக்கு ஒரு பெர்த்

கும்பகோணத்திலிருந்து எழும்பூருக்கு மெயின் லைனில் 300 கிலோமீட்டர் சொச்சம். ராத்திரி ஏறிப் படுத்தால் விடியும்போது சென்னை. அந்த ஒரு ராத்திரிக்கு இடம் பிடிக்க தீபாவளிக்கு அப்புறம் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. முழங்கால் மூட்டு மாற்று அறுவை செய்த டாக்டர் பண்டிகை முடிந்த வாரமே வரச் சொல்லியிருந்தார். காலை மடக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார அம்மாவால் முடியாது. 60 நாள் முன்னாலேயே முன்பதிவு செய்யலாம், தெரியும். ஆனால் குறுவை அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி, மழைக்குப் படுதா போட்டுக் காத்துக் கிடந்தோம். எடை போடும் நாளே தெரியாதபோது எந்தத் தேதிக்கு டிக்கெட் எடுப்பது? நெல் எடை ஆன பிறகு பார்த்தால், பொது ஒதுக்கீட்டில் வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டியிருந்தது.

சரி, கடைசி நேரத்தில் கூடுதல் கட்டணம் கட்டி எடுக்கும் தட்கல்தான். ரயில் கிளம்பும் ஊரில் அது புறப்படும் தேதிக்கு முதல் நாள், ஏசிக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. நள்ளிரவு தாண்டி ஏறுபவர்கள் இந்தத் தேதிக் கணக்கில்தான் ஏமாறுகிறார்கள். 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். அதையெல்லாம் முடித்து, பெயர்களையும் முன்பே சேமித்து வைத்திருந்தேன். 10 மணிக்கு மூன்றடுக்கு ஏசியில் இடம் காட்டியது. ஓடிபி போட்டுப் பணம் கட்டப் போவதற்குள் வெயிட்டிங் லிஸ்ட்.

அதே ரயில், அதே வகுப்பு. பிரீமியம் தட்கல் என்று மாற்றிப் பார்த்தேன். இடம் இருந்தது!

முதலில் குழம்பினேன். அப்புறம்தான் விளங்கியது. தட்கலுக்கு ஒதுக்கியதில் ஒரு பகுதியைப் பிரித்து, விற்க விற்க விலை ஏறும்படி வைத்திருக்கிறார்கள். கீழ்ப்படி விலையில் உள்ள இடங்கள் தீர்ந்தால் அடுத்த படி. நூறு பேருக்கு மேல் காத்திருக்கும் ரயிலில் இடம் கிடக்கிறது என்றால், அந்த விலைக்கு இன்னும் ஆள் வரவில்லை என்று அர்த்தம். சாதாரணத் தட்கலே லேசில்லை. மூன்றடுக்கு ஏசியில் எவ்வளவு குறைந்த தூரம் போனாலும் 500 கிலோமீட்டருக்கான கட்டணத்தைப் போட்டு, அதற்கு மேல் தட்கல் கட்டணம் 300 ரூபாயாவது வாங்குகிறார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் போகாத கிட்டத்தட்ட 200 கிலோமீட்டருக்கும் சேர்த்துக் கொடுக்கிறோம்.

விலையைப் பார்த்து அம்மா, "இவ்வளவு காசா? வேணாம்ப்பா, டாக்டர்கிட்ட தேதி மாத்திக் கேளு" என்றார். பேசி முடித்துத் திரும்பினால் விலை இன்னொரு படி ஏறியிருந்தது. யோசித்த சில நிமிடங்களுக்குத் தண்டம். உறுதியான தட்கல் டிக்கெட்டை நாமே ரத்து செய்தால் பணம் திரும்ப வராது என்பதால் கை நடுங்கியது. நெல் பணம் இன்னும் வங்கிக்கு வரவில்லை. மனைவியின் சேமிப்பிலிருந்துதான் கட்டினேன், சாதாரணக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். எங்கள் வயலில் நடவு நடும் அம்மாக்களுக்கும் இதே முழங்கால் வலி உண்டு. அவர்களுக்கு இந்த ரயில் ஃபுல்தான். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

ரயில் கிளம்பும் முன் சார்ட் என்ற பயணிகள் பட்டியலைப் போட்ட பிறகு மிஞ்சும் இடங்கள் இவ்வளவு விலை இல்லாமல் கரண்ட் புக்கிங்கில் கிடைக்கும் என்றார் நண்பர் ஒருவர். உண்மைதான். ஆனால் நடக்க முடியாத அம்மாவை வைத்துக்கொண்டு அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை.

அத்தனை கொடுத்தும் வந்தது ஒரு மிடில், ஒரு அப்பர். தட்கலில் மூத்தவர்களுக்கான கீழ் பெர்த் ஒதுக்கீடு கிடையாது. மயிலாடுதுறையில் ஏறிய கல்லூரிப் பையன் கேட்பதற்கு முன்பே தன் லோயரைக் கொடுத்தான். விழுப்புரம் தாண்டியும் அம்மா அசையாமல் தூங்கினார்.

அடுத்த செக்கப் தேதியை டாக்டரிடம் அன்றே எழுதி வாங்கினேன். 60 நாளைப் பின்னோக்கி எண்ணி, காலண்டரில் வட்டம் போட்டேன். கீழ் பெர்த் ஒதுக்கீடு 45 வயதான பெண்களுக்கும் 60 வயதான ஆண்களுக்கும் உண்டு. ஆனால் அதே டிக்கெட்டில் என்னைப் போல வயது குறைந்தவர் சேர்ந்தால் கிடைக்காது. அதனால் அம்மாவுக்குத் தனியாக எடுத்தேன், லோயர் விழுந்தது. எனக்கு அதே பெட்டியில் அப்பர். இருவருக்கும் சாதாரணக் கட்டணம்.