கண்ணாடியில் ஆவி படிந்தால் எந்த பட்டன்?

புதுக் கார் வாங்கினால் ப்ளூடூத்தை அன்றைக்கே கற்றுக்கொள்கிறோம், ஆனால் மழையில் முன்கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டால் இன்னமும் துணியைத்தான் தேடுகிறோம். ஓட்டிக்கொண்டே ஒரு கையால் கண்ணாடியைத் துடைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அதற்கான பட்டன் எதிரிலேயே இருக்கிறது.

மழையில் குன்னூர் மலைப்பாதையில் ஏறுகிறீர்கள், காருக்குள் ஐந்து பேர், ஜன்னல் எல்லாம் மூடியிருக்கிறது என்று வையுங்கள். அத்தனை பேர் மூச்சிலிருக்கும் ஈரமும் குளிர்ந்த கண்ணாடியின் உள்பக்கம் படியும். முதலில் ஏசியைப் போடுங்கள். "குளிருதுப்பா, வேண்டாம்" என்று பின் சீட்டிலிருந்து குரல் வரும். ஆனால் ஏசி குளிர்விப்பதோடு காற்றிலிருக்கும் ஈரத்தையும் எடுக்கிறது, காருக்கு அடியில் சொட்டும் தண்ணீர் அதுதான். குளிர்ந்தால் ஏசியை அணைக்காமல் வெப்பக் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்புங்கள். அடுத்து, கார் படத்துக்குள் அம்புக்குறி வளைந்து திரும்பும் பட்டன் அணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஈரக்காற்றேதான் சுற்றிச்சுற்றி வரும். அப்புறம், மேலே வளைந்து அகன்ற கண்ணாடியும் நெளிந்த மூன்று அம்புகளும் போட்ட பட்டனை அழுத்தி, காற்றின் வேகத்தைக் கூட்டுங்கள். சீக்கிரமே தெளிந்துவிடும்.

அதே அம்புகள் செவ்வகத்துக்குள் இருந்தால் அது பின்கண்ணாடிக்கானது. அங்கே காற்று வராது, கண்ணாடியில் ஓடும் மெல்லிய கோடுகள் சூடாகி ஆவியைப் போக்கும். அந்தக் கோடுகள் உள்பக்கம் இருப்பதால் சுரண்டாமல், கோட்டின் போக்கிலேயே மெதுவாகத் துடையுங்கள்.

சென்னையில் கதை தலைகீழ். புழுக்கமான இரவில் ஏசியை ரொம்பக் குறைத்து வைத்தால் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஆவி படியும். உள்ளே விரலால் தேய்த்துப் பாருங்கள், போகவில்லை என்றால் அது வெளியே இருக்கிறது. அப்போது வைப்பரை ஒரு தடவை போட்டு, ஏசி வெப்பநிலையைக் கொஞ்சம் ஏற்றி, குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து முகத்துப் பக்கம் திருப்பினால் போதும். முன்கண்ணாடி பட்டனைக் குளிர்ந்த காற்றோடு அழுத்தினால் இன்னும் மோசமாகும்.

ஸ்டியரிங்கின் ஓரத்தில், கொஞ்சம் கீழே, 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னக் குமிழ் பல கார்களில் உண்டு, ஹெட்லைட் வெளிச்சத்தை ஏற்றி இறக்குவதற்கு. பாவம், அதை யாரும் தொடுவதே இல்லை. குடும்பத்தோடு கோயிலுக்குக் கிளம்பும்போது பின் சீட்டும் டிக்கியும் நிரம்பினால் பின்பக்கம் இறங்கி முன்பக்கம் தூக்கும், நீங்கள் லோ பீமில் வந்தாலும் வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் கீழே இறங்கும். தனியாக ஓட்டும்போது 0.

கடைசியாக அந்தச் சிவப்பு முக்கோணம், எல்லா இண்டிகேட்டரையும் ஒன்றாக மினுக்கும் ஹசார்டு. வண்டி பழுதாகி ஓரத்தில் நிற்கும்போது போட வேண்டியது. மழையில் ஓடிக்கொண்டே போட்டால் பெரும்பாலான கார்களில் இண்டிகேட்டர் தனியாகத் தெரியாது. நீங்கள் திரும்பப் போகிறீர்களா, நிற்கிறீர்களா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. மழைக்கு லோ பீம் போதும். நாற்சந்தியில் நேராகப் போவதற்கும் சிலர் இதைப் போடுகிறார்கள். இடப்பக்கத்துச் சாலையில் நிற்கும் பைக்காரருக்கு உங்கள் இடப்பக்க விளக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் இடதுபுறம் திரும்பப் போவதாக நினைத்து அவர் வண்டியைக் கிளப்பிவிடுவார்.