காடி வாடை அடித்த உயில் புத்தகம்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு சிறிய கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) நீதிமன்றத்தின் நிலவறையில் எனக்கு முதலில் கொடுத்த வேலை குண்டூசி பிடுங்குவது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் யாரோ ஒருவர் இரண்டு தாள்களைச் சேர்த்துக் குத்திவிட்டுப் போயிருப்பார். ஊசி துருவேறித் தாளோடு தாளாக ஒட்டியிருக்கும். இழுத்தால் தாள் கிழியும். ஊசிக்கு அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகி, பல் பிடுங்குகிற பொறுமையோடு அசைத்து அசைத்து எடுக்க வேண்டும். முதல் நாள் முழுக்க உட்கார்ந்து நாற்பதுகூட எடுக்கவில்லை.

நான் கணவரின் வேலை விசாவோடு ஒட்டிக்கொண்டு அமெரிக்கா வந்தவள். சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. மதுரையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவளுக்குச் சமைத்து முடித்த பிறகு பகல் மிக நீளமாக இருந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டு மூதாட்டி பழக்கமானார். எழுபத்தெட்டு வயது, கறுப்பினத்தவர், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அந்தப் பக்கத்தில் பெரியவர்களின் பெயருக்கு முன்னால் ‘மிஸ்’ சேர்த்துக் கூப்பிடுவார்கள். நாம் அக்கா, அம்மா என்பது போல.

மிஸ் அம்மாள் பத்து வருடமாகத் தன் தாத்தாவின் தாத்தாவைத் தேடிக்கொண்டிருந்தார். 1870 மக்கள்தொகைக் கணக்கில் அவர் இருக்கிறார்: வயது 31, பண்ணைத் தொழிலாளி, அதே கவுண்டி. அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அடிமைகளாக இருந்தவர்கள் எல்லோரையும் பெயரோடு எழுதிய முதல் கணக்கெடுப்பே 1870 தான். 1850லும் 1860லும் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை உண்டு. ஆனால் அதில் உடைமையாளரின் பெயர்தான் இருக்கும். அடிமைகளுக்கு வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். இந்தத் தேடலில் இருப்பவர்கள் இதை ‘1870 சுவர்’ என்கிறார்கள். எனக்கு என் பெயரின் முன்னால் ஓர் எழுத்தாக அப்பா நிற்கிறார். அந்த ஓர் எழுத்துக்காக ஒருவர் பத்து வருடம் அலைவதைப் பார்த்தபோது சும்மா இருக்க முடியவில்லை.

அந்தச் சுவரைத் தாண்டுவதற்கு இருக்கும் வழி, கொடுமையாக, சொத்துப் பதிவுகள் வழியாகத்தான் போகிறது. பண்ணையார் இறந்தால் அவர் சொத்துக்கு மதிப்பீட்டுப் பட்டியல் எழுதுவார்கள். நாற்காலி, சுவர்க் கடிகாரம், பசு, பன்றி என்று வரும் வரிசையிலேயே மனிதர்களும் பெயரோடும் விலையோடும் வருவார்கள். இவை உயில் புத்தகம் என்கிற தடித்த பேரேடுகளில் நகலெடுக்கப்பட்டு, நீதிமன்றக் கிளார்க்கின் அலுவலகத்தில் இருக்கும். கிளார்க் என்றதும் நம் ஊர் குமாஸ்தாவை நினைக்க வேண்டாம். வர்ஜீனியாவில் சர்க்யூட் நீதிமன்றக் கிளார்க் எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. பத்திரம், உயில், திருமண உரிமம் எல்லாம் அவர் பொறுப்பு.

அந்த அலுவலகத்துக்கு மிஸ் அம்மாளைக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். எங்களுக்கு வேண்டியது 1850களின் உயில் புத்தகம். “அதைத் தர முடியாது, புரட்டினால் உடைகிறது” என்றார் கிளார்க். பார்க்கவாவது விடுங்கள் என்று கேட்டதற்கு மேசையில் வைத்துத் திறந்து காட்டினார். குப்பென்று காடி வாடை. ஊறுகாய் ஜாடியைத் திறந்தது போல. தாள்கள் மஞ்சளாக, அப்பளம் போல விறைத்து இருந்தன.

பூச்சியோ வெள்ளமோ இதைச் செய்யவில்லை. பழுது பார்த்தவர்கள் செய்தது. வில்லியம் பாரோ என்ற வர்ஜீனியாக்காரர் 1930களில் ஒரு முறையைக் கண்டுபிடித்தார்: நொய்ந்த தாளின் இரு பக்கமும் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக் படலத்தையும் மெல்லிய டிஷ்யூ தாளையும் வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுத்து ஒட்டிவிடுவது. சுருக்கமாகச் சொன்னால் லேமினேஷன். அன்றைக்கு அது அதிசயம். வர்ஜீனியாவிலும் வெளியிலும் எத்தனையோ நீதிமன்றங்கள் தங்கள் பழைய பேரேடுகளை அனுப்பி ஒட்டிக்கொண்டன. பல பத்தாண்டுகள் போன பிறகு அந்த அசிடேட்டே சிதையத் தொடங்கியது. சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளியாகிறது, அதாவது காடி. உள்ளே இருக்கும் தாளை அது தின்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், தாளைக் கொல்வது அமிலம்தான் என்று நூலகங்களுக்கு எடுத்துச் சொன்ன முன்னோடிகளில் அதே பாரோவும் ஒருவர். ஒட்டுவதற்கு முன் தாளைச் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்து அமிலம் நீக்க வேண்டும் என்பதும் அவர் வகுத்த படிதான். எல்லோரும் அந்தப் படியைக் கடைப்பிடிக்கவில்லை.

அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், பட்டச் சான்றிதழ், போதாக்குறைக்குத் தாத்தாவின் 1938ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் செய்து வாங்கியவள் நான். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான். விசாவுக்காகச் சான்றொப்பம் வாங்கப் போனபோது, ஒட்டிய தாளில் முத்திரை குத்த முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். அப்போது வந்த கோபம் அந்த நிலவறையில் வெட்கமாக மாறியது.

இனி நடைமுறை. எங்கள் கவுண்டியில் நடந்தது இது. மற்ற மாநிலங்களில் முறை வேறு.

வர்ஜீனியா மாநில நூலகம் சர்க்யூட் நீதிமன்ற ஆவணங்களைப் பாதுகாக்க ஒரு திட்டம் நடத்துகிறது. பத்திரம் பதியும்போது வசூலாகும் கட்டணத்தின் ஒரு சிறு பகுதி அதற்குப் போகிறது. அதிலிருந்து கவுண்டிகளுக்கு மானியம். விண்ணப்பிக்க வேண்டியவர் கிளார்க். என்னைப் போன்றவர்கள் செய்யக்கூடியது அவருக்கு எடுபிடி வேலை. நூலகத்தின் ஆவணக் காப்பாளர் நேரில் வந்து புத்தகத்தைப் பார்க்கிறார், செப்பனிடும் கூடத்திடம் விலைப்புள்ளி வாங்க வேண்டும், பிறகு மானியக் குழு முடிவு செய்யும். சேத விவரத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். “மிகவும் மோசமான நிலை” என்று உருக்கமாக எழுதியிருந்ததைக் கிளார்க் அப்படியே திருப்பித் தந்தார். “எல்லாப் புத்தகமும் மோசம்தான் அம்மா. எத்தனை இதழில் மை ஓடியிருக்கிறது, எத்தனை இதழில் முதுகு விட்டிருக்கிறது, அதை எழுதுங்கள்.” மூன்று வாரம் இதழ் இதழாக எண்ணினேன். கணக்கு எழுதிய கைக்கு அது பழகிய வேலை.

அதற்கு முன் ஒரு வேலையை முடித்திருந்தது நல்லதாயிற்று. இந்தப் புத்தகம் ஏற்கெனவே படமெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது. யூட்டாவின் மார்மன் திருச்சபையைச் சேர்ந்த வம்சாவளிச் சங்கம் 1938இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் உலகெங்கும் பதிவேடுகளை மைக்ரோபிலிம் சுருள்களில் எடுத்து வந்தது. எங்கள் புத்தகத்துக்கும் பிலிம் இருந்தது. ஆனால் படலத்தின் பளபளப்பு விழுந்து, பின்பக்கத்து மை முன்பக்கம் தெரிந்து, பாதிப் பக்கங்கள் கரும்புகையாக இருந்தன. பிலிம் உதவாது என்பதையே விண்ணப்பத்தில் ஒரு காரணமாகச் சேர்த்தோம்.

மானியத்துக்குக் காத்திருந்த மாதங்களில்தான் அந்தக் குண்டூசி வேலை. சான்சரி வழக்குக் கட்டுகள். பாகப்பிரிவினை, கடன், பாதுகாவலர் நியமனம் போன்ற வழக்குகளை விசாரித்த நீதிமுறை அது. வாரிசுகள் எல்லோரையும் மனுவில் எழுதியாக வேண்டும் என்பதால் வம்சாவளி தேடுபவர்களுக்குப் புதையல். யார் யாருக்கு மகள், யார் டென்னசிக்குக் குடிபெயர்ந்தார், எந்தச் சித்தப்பா குடிகாரர், எல்லாம் சாட்சியத்தில் வரும். தாள்களை மூன்றாக மடித்து, கட்டாக அடுக்கி, சிவப்பு நாடாவால் கட்டியிருப்பார்கள். சிவப்பு நாடா முறை என்று பத்திரிகையில் எத்தனை முறை படித்திருப்பேன்! நாடாவை நிஜமாகவே அவிழ்ப்பேன் என்று நினைக்கவில்லை.

வயதுக்கும் சேதத்துக்கும் தொடர்பில்லை என்பதை அங்கே கற்றேன். 1790இன் தாள் கந்தல் துணிக்கூழில் செய்தது. துணி போலவே மடியும். 1890இன் தாள் மரக்கூழ். தொட்டால் ஓரம் உதிர்கிறது. பழைய தாளுக்கு எதிரி மைதான். மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை. குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் அதே மாசிக்காயில்தான் அமெரிக்க நீதிமன்றங்களும் எழுதியிருக்கின்றன. கையைக் கொஞ்சம் அழுத்தி எழுதிய இடங்களில் அந்த மை தாளை அரித்து, எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழுந்திருக்கும்.

மடிப்பை நேரே பிரிக்கக் கூடாது. மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் ஈரமான மை ஒற்றுத் தாள், மேலே ஒரு சல்லடைத் தட்டு, அதன் மேல் ஆவணம். சில மணி நேரத்தில் காற்றின் ஈரத்திலேயே இளகும். பிறகு உலர்ந்த ஒற்றுத் தாள்களுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்ற வேண்டும். அரித்த மை இருக்கும் தாளுக்கு இந்த ஈரமும் ஆபத்து, அதைத் தொடாமல் தனியே எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். பூஞ்சை கண்ணில் பட்டால் கட்டையே மூடி, பையில் இட்டு, ஆளைக் கூப்பிட வேண்டும். கையுறை வேண்டாம், கழுவித் துடைத்த வெறுங்கைதான் நல்லது. கையுறை போட்டால் ஓரம் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது. குறிப்பு எழுதப் பென்சில் மட்டும்.

ஒருநாள் அவசரப்பட்டேன். ஈரம் காட்டாமல் ஒரு ரசீதைப் பிரித்தேன். சடக்கென்று நடு மடிப்பில் உடைந்தது, கையெழுத்தின் குறுக்கே. என் பையில் செல்லோடேப் இருந்தது. கை அதை நோக்கித்தான் போனது. இத்தனையும் கேட்ட பிறகும்! இரண்டு துண்டுகளையும் ஓர் அமிலமற்ற உறையில் வைத்து, “நான் உடைத்தது” என்று தேதியோடு எழுதிக் காப்பாளரிடம் கொடுத்தேன். திட்டவில்லை. டேப் ஒட்டியிருந்தால்தான் திட்டியிருப்பேன் என்றார்.

என்னோடு வந்த கல்லூரிப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஆனால் கூட்டெழுத்தைப் படிக்கத் திணறினார்கள். நாலு கோடு நோட்டில் அடிவாங்கிக் கர்சிவ் கற்ற எனக்கு இரண்டே வாரத்தில் வசப்பட்டது. பழைய ‘எஸ்’ ‘எஃப்’ போல நீண்டு நிற்கும். ‘ஜே’ போட்டு ‘என்-ஓ’ சேர்த்திருந்தால் அது ஜான். அட்டவணை போடும் பொறுப்பு இப்படி என்னிடம் வந்தது. படமெடுப்பதைவிட இதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. பெயர் அட்டவணை இல்லாமல் பத்தாயிரம் படங்களைக் கணினியில் ஏற்றுவது நிலவறையை வேறு இடத்துக்கு மாற்றுவது போலத்தான். வாதி, பிரதிவாதி பெயரோடு நிறுத்தாமல், தாளில் வரும் அடிமைகளின் பெயர்களையும் எழுத வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். இரட்டிப்பு நேரம் பிடித்தது. அதனால்தான் கிடைத்தது.

1857இல் ஒரு பாகப்பிரிவினை வழக்கு. பண்ணையாரின் பிள்ளைகளுக்குச் சொத்தைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்திருந்தார்கள். மூன்றாம் பங்கில் நிலம், ஒரு கோவேறு கழுதை, நான்கு மனிதர்கள். நான்காவது பெயர் மிஸ் அம்மாள் குடும்பத்தில் மூத்த பையனுக்கு இன்றும் வைக்கிற பெயர். அதிகம் வழக்கில் இல்லாத பெயர் அது. ஆனாலும் பெயர் மட்டும் போதாது. அதே தாளின் அடியில், முந்தைய மதிப்பீட்டுப் பட்டியலைக் காண்க என்று உயில் புத்தகத்தின் எண்ணும் பக்கமும் எழுதியிருந்தது. நாங்கள் அனுப்பியிருந்த அதே புத்தகம்.

மானியம் அதற்குள் கிடைத்திருந்தது. கூடத்தில் ஒவ்வோர் இதழையும் அசிட்டோனில் ஊறவைத்துப் பழைய படலத்தைக் கரைத்து எடுப்பார்கள். அதற்கு முன் மை கரைகிறதா என்று சோதிப்பார்கள். பிறகு அமிலம் நீக்கி, கிழிசலை ஜப்பானியத் தாளும் கோதுமைப் பசையும் கொண்டு ஒட்டி, பாலியஸ்டர் உறைக்குள் வைப்பார்கள். உறை தாளோடு ஒட்டாது, நாளைக்கு வேண்டாமென்றால் வெட்டி எடுத்துவிடலாம். புத்தகம் திரும்பி வர ஓராண்டுக்கு மேல் ஆனது.

வந்த அன்று மிஸ் அம்மாள் தேவாலயத்துக்குப் போகும் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்தார். காடி வாடை இல்லை. பக்கத்தைக் கிளார்க்கே திருப்பினார். 1853ஆம் ஆண்டுப் பட்டியல். எட்டு நாள் ஓடும் கடிகாரத்துக்கும் ஒரு ஜோடி காளைகளுக்கும் கீழே அந்தப் பெயர், வயது 14, எதிரே ஒரு விலை. வயதுக் கணக்கு இடிக்கவில்லை. அதற்கு மேல் வரியில் ஒரு பெண்ணின் பெயரும், ‘அவள் மகன்’ என்ற சொல்லும் இருந்தன. மிஸ் அம்மாள் மகனின் வரியை ஒரு முறைதான் பார்த்தார். அம்மாவின் வரியில் விரலை உறை மேல் வைத்து, வெகு நேரம் எடுக்கவில்லை.

நகல் ஒரு பக்கத்துக்கு ஐம்பது காசு. கிளார்க் பணம் வேண்டாம் என்றார். மிஸ் அம்மாள் கேட்கவில்லை, இரண்டு கால் டாலர் நாணயங்களை மேசையில் வைத்து ரசீது வாங்கிக்கொண்டார். காரில் ஏறியதும் நகலை மடியில் விரித்து, “போகிற வழியில் எங்காவது இதை லேமினேட் செய்துவிடலாமா?” என்று கேட்டார்.

“ஐயோ, வேண்டாம்!” என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அது வெறும் நகல்தான் என்பது அடுத்த சிக்னலில்தான் எனக்கு நினைவு வந்தது.