ஒரே பானைச் சில்லி: ஏழு வாரம், ஐந்து முயற்சிகள்

கொலம்பஸ் நகரில் செப்டம்பர் கடைசியில் மேப்பிள் இலைகள் நிறம் மாறத் தொடங்கிவிட்டால், சனிக்கிழமை மதியங்களில் எங்கள் தெருவின் பாதி வீடுகளிலிருந்து ஒரே வாசனைதான் வரும். சீரகமும் இறைச்சியும் தக்காளியும் ஒரே பானையில் மணிக்கணக்காக அடங்கிக் கொதிக்கும் வாசனை அது. ஒகையோவுக்கு வந்த ஒன்பது ஆண்டுகளில் அக்கம்பக்கத்து வீடுகளில் சில்லி என்ற அந்த இறைச்சிக் குழம்பைக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் என் அடுப்பில் ஒருமுறையும் செய்ததில்லை. குளிர் இறுகுவதற்குள் இதைக் கைக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று இந்த ஆண்டு முடிவு செய்து, செப்டம்பர் 28 முதல் நவம்பர் 16 வரை ஐந்து முறை செய்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சமையலறை நோட்டில் குறித்து வைத்தவற்றை இங்கே விரித்து எழுதுகிறேன்.

நான் எதிர்பார்த்தது இதுதான்: கரண்டியில் எடுத்தால் குழம்பு வழிந்தோடாமல் தளரத் தளர நிற்க வேண்டும்; இறைச்சித் துண்டு முழுதாக இருந்தும் நாக்கால் அழுத்தினாலே பிரிய வேண்டும்; காரம் முதல் வாயிலேயே குத்தாமல், மூன்றாவது வாயில்தான் தான் இருப்பதைச் சொல்ல வேண்டும்.

முதல் முயற்சி ஒரு சொல்லால் கெட்டது. நான் பின்பற்றிய சமையல் குறிப்பில் ‘சில்லி பவுடர், மூன்று மேசைக்கரண்டி’ என்றிருந்தது. ஒன்றே கால் கிலோ மாட்டிறைச்சிக்கு அது சற்று அதிகம் என்று தோன்றியதால் அரைக் கரண்டியைக் குறைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த மிளகாய்த்தூளை இரண்டரைக் கரண்டி போட்டேன். குழந்தைகள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை, எங்களாலும் முடியவில்லை. உருளைக்கிழங்கைச் சேர்த்து, தண்ணீர் விட்டு நீட்டிப் பார்த்தும் எரிச்சல் அடங்கவில்லை. அமெரிக்கக் கடைகளில் ‘சில்லி பவுடர்’ என்று விற்பது வெறும் மிளகாய்த்தூள் அல்ல, காரம் குறைந்த மிளகாயோடு சீரகம், ஆரிகானோ, பூண்டுத்தூள் ஆகியவற்றைக் கலந்த மசாலாப்பொடி என்பது பிறகுதான் புரிந்தது. டெக்சாஸின் நியூ பிரான்ஃபெல்ஸ் ஊரில் வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியக் குடியேறி 1890களில் இத்தகைய பொடியைத் தயாரித்து விற்கத் தொடங்கியபின், மிளகாய் கிடைக்காத பருவத்திலும் கிடைக்காத ஊர்களிலும் இந்த உணவைச் செய்ய முடிந்தது. நம் வீட்டுச் சாம்பார்ப்பொடியை அளக்க வேண்டிய இடத்தில் தனி மிளகாய்த்தூளை அளந்து போட்டால் என்ன ஆகுமோ, அதுவே நடந்திருக்கிறது. நம்மவர் யாரேனும் முதன்முறையாகச் சில்லி செய்வதாக இருந்தால், முதலில் இதைத்தான் சொல்வேன்.

அக்டோபர் 6 அன்று செய்த இரண்டாவது முயற்சியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கடையில் விற்கும் கலவைப் பொடி, கொத்திய இறைச்சி, டின்னில் வரும் பீன்ஸ் (காயல்ல, பயறு), முக்கால் மணி நேரம். சாப்பிட முடிந்தது, ஆனால் பொடியின் பச்சை வாசனை கடைசி வரை போகவில்லை. ஒரு கிலோ கொத்துக்கறியையும் ஒரே தடவையில் பானையில் கொட்டியதால் அது நீர் விட்டு, அந்த நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாயிற்று. நீர் வற்றி, இறைச்சி பாத்திரத்தின் சூட்டை நேரடியாகத் தொட்டால்தான் சிவக்கும். சிவந்தால்தான் அந்த ஆழ்ந்த சுவை வரும். அன்றோடு கொத்துக்கறியை விட்டுவிட்டு, மாட்டின் தோள்பகுதி இறைச்சிக்கு மாறினேன். இங்கே அதைச் சக் ரோஸ்ட் என்பார்கள். அதில் ஓடும் வெள்ளைச் சவ்வு நீண்ட நேரம் மெல்லச் சூடேறும்போது ஜெலட்டினாகக் கரைந்து, குழம்புக்கு உதட்டில் ஒட்டும் கனத்தைத் தருகிறது. மாட்டிறைச்சி உண்ணாத வீடுகளில் ஆட்டின் தோள்பகுதி இதே வேலையைச் செய்யும் என்று நம்புகிறேன். கோழியின் நெஞ்சுக்கறி நிச்சயம் செய்யாது.

மூன்றாவது முயற்சியில்தான் உண்மையான பாடம் தொடங்கியது. பொடியை ஒதுக்கிவிட்டு, நகரின் மேற்குப் பக்கம் உள்ள ஒரு மெக்சிகோ மளிகைக் கடைக்குப் போய்க் காய்ந்த மிளகாய்களை வாங்கி வந்தேன். ஆன்சோ என்பது பொப்லானோ என்ற பெரிய மிளகாயின் வற்றல். உள்ளங்கை அகலத்தில், சுருங்கிக் கறுத்து, தோல் போலத் துவளும். காம்பைக் கிள்ளிப் பிளந்து முகர்ந்தால் மிளகாய் நெடிக்குப் பதிலாக உலர்திராட்சையின் வாசனை வருகிறது. குவாஹீயோ செங்கல் நிறத்தில் வழவழப்பாக நீண்டிருக்கும். அதில் ஒரு மெல்லிய புளிப்பு உண்டு. சிபோட்லே என்பது பழுத்த ஹலப்பீன்யோவைப் புகையில் உலர்த்தியது. ஆன்சோவின் காரம் 1,000 முதல் 2,000 ஸ்கோவில் அலகுகள்தான்; நாம் வீட்டில் புழங்கும் குண்டூர் மிளகாயின் காரம் அதைப்போல் பல மடங்கு.

இவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் இந்த உணவின் அமைப்பு எனக்கு விளங்கியது. நம் குழம்பில் மிளகாய் காரத்துக்கு. கெட்டித்தன்மையைத் தருவது மல்லியும் தேங்காயும் வெங்காயமும். சில்லியிலோ மிளகாயின் சதையே குழம்பு. ஒரு பானைக்குப் பதினோரு மிளகாய் போட்டாலும் வாய் எரியாத வகையைத் தேர்ந்தெடுத்து, அதை ஒரு காய்கறியைப்போல நடத்துகிறார்கள். மிளகாயே அமெரிக்கக் கண்டத்தின் பயிர். 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் வழியாக நம்மிடம் வந்து, மிளகின் பெயரை ஒட்டிப் பெயர் பெற்று, மிளகைப்போலவே காரப்பொருளாக நம் அடுக்களையில் அமர்ந்துகொண்டது. பிறந்த மண்ணில் அதற்கு வேறு வேலைகளும் இருந்தன என்பதை நாற்பது வயதுக்கு மேல் ஒரு மளிகைக் கடையில் நின்று தெரிந்துகொண்டேன்.

ஆயினும் அன்றைய பானை கசந்தது. குழம்புப்பொடிக்கு வறுக்கும் பழக்கத்தில், மிளகாய் கருஞ்சிவப்பாகி நெடி ஏறும்வரை வாணலியில் விட்டுவிட்டேன். ஆன்சோவில் சர்க்கரை அதிகம் இருப்பதால் அது நொடியில் கருகிவிடுகிறது. கருகிய ஒன்றிரண்டை அப்போதே எறிந்திருக்க வேண்டும். மனம் வராமல் சேர்த்து அரைத்ததில் நான்கு மணி நேரச் சமையலும் வீணாயிற்று. பக்கத்துக்கு இருபது, முப்பது விநாடி போதும். தோல் சற்று இளகி, வாசனை மேலே எழும்பிய கணத்தில் எடுத்துவிட வேண்டும். பிறகு வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரை நாக்கில் வைத்துப் பார்த்து, கசந்தால் கொட்டிவிட்டுப் புது நீர் விட்டு அரைக்கிறேன். அரைத்ததைக் கம்பி வடிகட்டியில் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்கினால், செல்லோஃபேன் தாள்போன்ற தோல் துணுக்குகள் மேலே தங்கி, கீழே பளபளப்பான கருஞ்சிவப்பு விழுது விழும். இந்தப் பத்து நிமிட வேலையைத் தவிர்க்கச் சொல்லும் குறிப்புகள் உண்டு. நான் தவிர்க்க மாட்டேன்.

பீன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். டெக்சாஸ்காரர்கள் சில்லியில் பீன்ஸ் சேர்ப்பதை ஏற்பதில்லை. சான் அன்டோனியோவின் சந்தைத் திடல்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விளக்கொளியில் மேசை போட்டு, வீட்டில் சமைத்து வந்த சில்லியைப் பரிமாறிய மெக்சிகோ வழிப் பெண்களிடமிருந்து புகழ்பெற்ற உணவு இது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் சான் அன்டோனியோவின் பெயரிலேயே ஒரு சில்லிக் கடை இருந்தது. 1977இல் டெக்சாஸ் இதைத் தன் மாநில உணவாகவே அறிவித்தது. 1967 முதல் டெர்லிங்குவா என்ற பாலைவனச் சிற்றூரில் நடந்துவரும் சில்லிப் போட்டி மரபில் பானைக்குள் பீன்ஸ் போடக் கூடாது. அவர்களுடைய நியாயம் எனக்குப் புரிகிறது: மிளகாயும் இறைச்சியும் தனியே பேச வேண்டிய இடத்தில் பீன்ஸின் மாவுத்தன்மை குறுக்கே வருகிறது. ஆனால் ஒகையோவின் குளிரில், நான்கு பேருக்கு இரண்டு வேளைக்கு ஆக வேண்டிய பானையில், பீன்ஸ் எனக்கு வேண்டும். இதே மாநிலத்தின் தெற்கே சின்சினாட்டியில் பட்டையும் லவங்கமும் போட்டு, நீர்த்த சில்லியை ஸ்பகெட்டியின் மேல் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். மாசிடோனியாவிலிருந்து வந்த சகோதரர்கள் 1922இல் தொடங்கிய வழக்கம் அது, சுவையாகவும் இருக்கும்.

நவம்பர் 2 அன்று, டின்னை விட்டுவிட்டு உலர்ந்த சிவப்புக் கிட்னி பீன்ஸை, அதாவது நாம் ராஜ்மா என்று வாங்குவதை, இரவு ஊறவைத்தேன். இதில் பைட்டோஹீமாகுளூட்டினின் என்ற நச்சுப்புரதம் இருப்பதால், ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் முப்பது நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும் என்று படித்திருந்தேன், அப்படியே செய்தேன். கொதிநிலையை எட்டாத மெதுசூட்டுக் குக்கரில் பச்சை ராஜ்மாவை நேரடியாகப் போடுவது ஆபத்து, அரைகுறைச் சூட்டில் அந்த நஞ்சின் வீரியம் கூடவும் செய்யும் என்பதால், இந்த ஒரு படியை யாரும் விட்டுவிடக் கூடாது. கொதித்த பீன்ஸை இறைச்சியோடும் தக்காளியோடும் மிளகாய் விழுதோடும் ஒன்றாகச் சேர்த்து மூடி ஓவனுக்குள் வைத்தேன். நான்கு மணி நேரம் கழித்து இறைச்சி பஞ்சாக இருந்தது. பீன்ஸ் மட்டும் பல்லில் கரகரவென்று மாவாக நின்றது. இன்னும் ஒரு மணி நேரம் வைத்ததில் இறைச்சி நார் நாராகப் பிரிந்ததே தவிர பீன்ஸ் இளகவில்லை.

அப்போது எங்களோடு தங்கியிருந்த என் மாமியார் ஒரு பீன்ஸை எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தார். அது இரண்டாகப் பிளந்தது, நசுங்கவில்லை.

“தக்காளிய எப்பம்மா போட்ட?”

“எல்லாத்தையும் ஒண்ணாத்தான் போட்டேன், அத்தை.”

“புளி விட்டப்புறம் பருப்பு வேகுமா? உனக்குத் தெரியாததாம்மா இது?”

எனக்குத் தெரிந்ததுதான். பருப்பும் காயும் வெந்த பிறகுதான் புளி விட வேண்டும் என்பது பத்து வயதில் அம்மா சொல்லிக் கொடுத்தது. புளிப்பு இருக்கும் நீரில் பயறின் செல்சுவரைப் பிணைத்திருக்கும் பெக்டின் எளிதில் கரைவதில்லை. புளிக்குப் பொருந்துவது தக்காளிக்கும் பொருந்தும். வேற்று நாட்டு உணவு என்றதும் கைப்பழக்கத்தையெல்லாம் வாசலில் விட்டுவிட்டு, குறிப்புத்தாளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முப்பது நிமிடக் கொதி நஞ்சை நீக்குவதற்கானது, பயறு குழைவதற்குப் போதுமானதல்ல என்பதையும் அன்று நோட்டில் அடிக்கோடிட்டேன்.

நவம்பர் 16 அன்று வெளியே முதல் உறைபனி புல்லில் படிந்திருந்தது. 250 கிராம் ராஜ்மாவை முந்தைய இரவே இரண்டு லிட்டர் நீரில் ஒன்றரை மேசைக்கரண்டி உப்பிட்டு ஊறவைத்திருந்தேன். உப்புநீரில் ஊறினால் தோல் வெடிக்காமல் மிருதுவாகிறது. கனத்த வார்ப்பிரும்புப் பானையில் புது நீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, பிறகு சிறுதீயில் ஐம்பது நிமிடம், நசுக்கினால் வெண்ணெயாகும்வரை வேகவைத்து, வெந்த நீரோடு எடுத்து வைத்தேன். அதே பானையைத் துடைத்து, ஈரம் ஒற்றி எடுத்த ஒன்றே கால் கிலோ இறைச்சியை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக மூன்று தவணையாகச் சிவக்க வைத்தேன். ஒரு பக்கம் ஐந்து நிமிடம் தொடாமல் விட வேண்டும். துண்டு தானாகப் பாத்திரத்தை விட்டுவிடும்போது திருப்ப வேண்டும். அடியில் ஒட்டிய பழுப்பை, இரண்டு பெரிய வெங்காயம் விட்ட நீரைக் கொண்டே மரக்கரண்டியால் சுரண்டினேன். ஆறு பல் பூண்டு, வறுத்துப் பொடித்த சீரகம் ஒன்றரை மேசைக்கரண்டி, மெக்சிகோ ஆரிகானோ இரண்டு தேக்கரண்டி. பிறகு ஆறு ஆன்சோ, நான்கு குவாஹீயோ, ஒரு சிபோட்லே அரைத்த விழுது. இந்த இடத்தில் குறிப்புத்தாளில் ‘ஒரு நிமிடம்’ என்றிருந்தது. நான் ஓரங்களில் எண்ணெய் பிரிந்து வரும்வரை, ஏழெட்டு நிமிடம் வதக்கினேன். சென்ற முறைகளில் கடைசிவரை போகாத பச்சை வாசனை அடுப்பிலேயே போய்விட்டது.

ஒரு சிறிய டின் தக்காளி, இறைச்சி, மூன்று கோப்பை நீர். மூடியைச் சற்றே விலக்கி, ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம். அதன்பின் பீன்ஸையும் அதன் நீரையும் சேர்த்து மேலும் முப்பத்தைந்து நிமிடம். இறக்குவதற்குக் கால் மணி நேரம் முன்பு, சுண்ணாம்பு நீரில் வேகவைத்த சோளத்தின் மாவான மாசா ஹரீனா இரண்டு மேசைக்கரண்டி எடுத்து, நீரில் கரைத்து ஊற்றினேன். கடைசியாக உப்பும் அரை மூடி எலுமிச்சைச் சாறும்.

அன்றைக்கே நன்றாக இருந்தது. மறுநாள் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தபோது மேலே ஆரஞ்சு நிறக் கொழுப்பு ஏடாகப் படிந்து, அடியில் குழம்பு அல்வா போல இறுகியிருந்தது. பாதிக் கொழுப்பை நீக்கிச் சிறுதீயில் இளக்கியதும், சீரகம் தனியே, மிளகாய் தனியே தெரிந்த நேற்றைய சுவை ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தது. குழந்தைகள் சோள ரொட்டியும் துருவிய செடார் சீஸும் வைத்துச் சாப்பிட்டார்கள். மாமியார் சுடுசோற்றில் பிசைந்துகொண்டார். ஹவாயில் சில்லியைச் சோற்றோடுதான் பரிமாறுகிறார்கள் என்று சொன்னேன். “பின்ன வேற எதோட சாப்பிடுறது?” என்றார்.

அடுத்த பானைக்குக் குறித்து வைத்திருப்பவை மூன்று. சிபோட்லேயை இரண்டாக்க வேண்டும், புகைவாசனை போதவில்லை. மாசாவை அரைக் கரண்டி குறைக்க வேண்டும், மறுநாள் குழம்பு தேவைக்கு மேல் இறுகியது. பீன்ஸ் இல்லாமல் ஒருமுறை, டெக்சாஸ் முறைப்படியே, செய்து பார்க்க வேண்டும். அதற்கு ஒன்றரைக் கிலோ இறைச்சியும் பதினான்கு மிளகாயும் எடுத்து வைத்திருக்கிறேன்.