வக்கீல் சஸ்பெண்ட் ஆன உத்தரவை வாங்க ஐந்து மாதம்

அம்மாவின் பாகப்பிரிவினை வழக்கு டிஃபால்ட்டில், அதாவது எங்கள் தரப்பில் யாரும் ஆஜராகாததால், தள்ளுபடியானது, ஒன்றரை வருடம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. "ஜட்ஜ் லீவு, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று ஒவ்வொரு வாய்தாவுக்கும் போனில் சொல்லிக்கொண்டிருந்த வக்கீல், ஒரு கட்டத்தில் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். சந்தேகப்பட்டு இ-கோர்ட்ஸ் ஆப்பில் வழக்கு எண்ணைப் போட்டேன். வழக்கு முடிந்துவிட்டது என்று வந்தது. அதை அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

தள்ளுபடியான வழக்கைத் திரும்ப எடுக்கச் சொல்லி 30 நாளுக்குள் மனு போட்டிருக்க வேண்டுமாம். தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம், ஆனால் காரணம் வலுவாக இருக்க வேண்டும் என்றார் புது வக்கீலம்மா. "அவரை பார் கவுன்சில் சஸ்பெண்ட் பண்ணிட்டதா கோர்ட்ல பேசிக்கிறாங்க தம்பி. நிஜம்னா உத்தரவைக் கொண்டு வாங்க. பேச்சை நம்பி நான் அஃபிடவிட் போட முடியாது."

அந்த உத்தரவை வாங்கத்தான் ஐந்து மாதம் ஆனது.

முதல் நாளே வீண். நேராக எங்கள் ஊர் வக்கீல் சங்கத்துக்குப் போனேன். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவனை மூன்று மணிக்குக் கூப்பிட்டு, "அதெல்லாம் எங்ககிட்ட இருக்காதுங்க" என்றார்கள். இதைப் பத்து மணிக்கே சொல்லியிருக்கலாம். என்னைப் போல நிறையப் பேர் குழம்பும் இடம் இது. சங்கம் வேறு, பார் கவுன்சில் வேறு. சங்கம் என்பது வக்கீல்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்டது. சன்னது, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமம், கொடுப்பதும், 1961 வழக்கறிஞர்கள் சட்டம் 35வது பிரிவின்படி புகாரை விசாரித்துக் கண்டிப்பதும், சஸ்பெண்ட் செய்வதும், பெயரையே நீக்குவதும் மாநில பார் கவுன்சில். நமக்கு அது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது.

அடுத்த சிக்கல் பெயர். எங்கள் மாவட்டத்திலேயே அதே பெயர், அதே இனிஷியலில் மூன்று வக்கீல்கள் இருக்கிறார்கள். பெயரை மட்டும் வைத்து எதையும் கேட்காதீர்கள். செய்யாத குற்றத்துக்கு இன்னொருவர் பெயர் கெடும். என்ரோல்மென்ட் நம்பர், அதாவது பார் கவுன்சிலில் அந்த வக்கீலின் பதிவு எண், வேண்டும். வக்கீலை நியமித்து நாம் கையெழுத்துப் போடும் வக்காலத்தில் அவருடைய சீலில் அது இருக்கும் என்று தெரிந்ததும், என் போனில் இருந்த பழைய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சேமநல நிதி ஸ்டாம்பின் ஓரத்தில் பாதி ஏறியிருந்த ஊதா சீல். கடைசி இலக்கம் ஒன்றா ஏழா என்று தெரியவில்லை. ஒன்று என்று முடிவு செய்து ராத்திரி பஸ் ஏறி சென்னை போனேன். அந்த நம்பர் ஒரு பெண் வழக்கறிஞருடையது. நம்பரைச் சரிபார்த்துக்கொண்டு வரும்படி பொறுமையாகச் சொல்லி அனுப்பினார்கள். தப்பு என்னுடையது. ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போனது.

சரி, வக்காலத்துக்கே நகல் வாங்கிவிடலாம் என்று ஊர் கோர்ட்டில் அம்மா கையெழுத்தோடு நகல் மனு கொடுத்தேன். காப்பி செக்‌ஷனில் இருந்தவர் மனுவைப் படிக்கவே இல்லை. "வக்கீல் மூலமா வாங்க." வழக்கின் வாதியே கேட்கிறார் என்றேன். "கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போயாச்சு, இப்ப எடுக்க முடியாது." அடுத்த வாரம் போனேன், அதே பதில். மூன்றாவது முறை அம்மாவையே அழைத்துப் போய் கோர்ட் அலுவலகத் தலைவரான சிரஸ்தாரைப் பார்த்தேன். எழுபத்திரண்டு வயதில் முட்டிவலியோடு மாடி ஏறி வந்த அம்மா, "என் கேஸ் பேப்பரை நான் பாக்கக் கூடாதாய்யா?" என்று மட்டும் கேட்டார். சிரஸ்தார் மனுவை வாங்கி அங்கேயே இனிஷியல் போட்டார். வழக்கில் தரப்பாக இருப்பவர் தானே நகல் கேட்கலாம். இல்லை என்று யாராவது சொன்னால் அடுத்த நாற்காலிக்குப் போங்கள். பன்னிரண்டு நாளில் நகல் வந்தது. கடைசி இலக்கம் ஏழு.

அதற்குப் பிறகு பார் கவுன்சிலுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு, பத்து ரூபாய்க் கட்டணம், பதிவுத் தபால். பதில் கெடுவுக்குள் வந்தது. ஆனால் இங்கேயும் ஒரு தப்பு செய்தேன். "உத்தரவின் நகல் வேண்டும்" என்று மட்டும் எழுதியிருந்ததால் வெறும் ஜெராக்ஸ் வந்தது. வக்கீலம்மா தலையில் கை வைத்தார். அந்தச் சட்டம் 2(ஜே) பிரிவில் சான்றளிக்கப்பட்ட நகல் கேட்கவே உரிமை தருகிறது. அந்த வார்த்தையை மனுவில் எழுத வேண்டும், அவ்வளவுதான். திரும்ப மனு, திரும்ப ஒரு மாதம்.

இரண்டாவது மனுவில் வக்கீலம்மா சொல்லி இன்னொரு கேள்வியும் சேர்த்தேன்: இந்த உத்தரவை எதிர்த்து அப்பீல் உண்டா, தடை உண்டா? தண்டிக்கப்பட்டவர் 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கு அப்பீல் போகலாம், அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம். நடுவில் தடை வாங்கியிருந்தால் கையில் உத்தரவு இருந்தும் பிரயோஜனம் இல்லை. எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் கேட்கும். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை", "இவர் எப்படிப்பட்டவர்" என்றெல்லாம் கேட்டு மனுவை நீட்டாதீர்கள். ஆவணத்தைக் கேளுங்கள், தேதியைக் கேளுங்கள்.

சான்றளித்த நகல் வந்த அன்று மதியம் சாப்பிடாமல் படித்தேன். யாரோ ஒருவரின் விபத்து நஷ்டஈட்டுப் பணத்தை எடுத்துக்கொண்ட புகார். மூன்று பேர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரித்து ஒரு வருடம் சஸ்பெண்ட் செய்திருக்கிறது. அந்தக் காலத்தில் இந்தியாவில் எந்தக் கோர்ட்டிலும் அவர் ஆஜராக முடியாது. அப்பீல் இல்லை. உத்தரவுத் தேதியைப் பார்த்தேன். எங்கள் வழக்கு தள்ளுபடியாவதற்கு மூன்று வாரம் முன்பு. அதாவது "ஜட்ஜ் லீவு" என்று அம்மாவிடம் சொன்ன நாட்களில் கோட்டு மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குள் நிற்கவே அவருக்கு உரிமை இல்லை. அதை மறைத்துத்தான் அடுத்த வாய்தாவுக்கும் ஐயாயிரம் வாங்கினார். ஜீபே ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

தாமத மன்னிப்பு மனு போன வாரம் கோர்ட்டில் ஏற்கப்பட்டு நம்பர் ஆனது. உத்தரவும் அந்த ஸ்கிரீன்ஷாட்டும் இணைப்பில் இருக்கின்றன. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. பழைய வக்கீல் மேல் 35வது பிரிவில் அம்மா பெயரில் தனிப் புகாரும் கொடுத்துவிட்டோம். மாநிலக் குழு ஒரு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் அது டெல்லிக்கு, இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும் என்பதால் புகார் பெற்றுக்கொண்ட தேதியை காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். இந்த முறை வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன், சீலில் இருந்த நம்பரை அம்மாவே கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகப் படித்துச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்.