அம்மா குளித்த குற்றாலம்: சாரல் நாட்குறிப்பு

ஜூலை 10, வியாழன் இரவு

எழும்பூரிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் கிளம்பிவிட்டது. அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை கிடைத்தது பெரிய நிம்மதி. முழங்கால் மாற்று அறுவை முடிந்து பதினொரு மாதம் ஆகிறது. பையில் துண்டு நான்கு, பழைய நைட்டி இரண்டு, ஒரு டப்பா முறுக்கு. "தண்ணி விழுதாமா?" என்று இரண்டு நாளாக ஒரே கேள்வி. சாயங்காலம் தென்காசியிலிருந்து சித்தி மகன் போனில் சொன்னான்: "சாரல் பிரமாதமா இருக்குக்கா. ஆனா மெயின் அருவியில பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுது. குளிக்க விடலை."

அம்மாவிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

அம்மா கடைசியாகக் குற்றாலத்தில் குளித்தது 1981-இல், கல்யாணமான புதிதில். அதன்பிறகு குடும்பமாக மூன்று தடவை போயிருக்கிறோம். மூன்று தடவையும் அவள் கரையில் நின்று எங்கள் பைகளையும் செருப்புகளையும் அப்பாவின் கைக்கடிகாரத்தையும் காத்துக்கொண்டிருந்தாள். "நீங்க போங்க, நான் அப்புறம் குளிக்கேன்" என்பாள். அந்த அப்புறம் வரவே இல்லை. சின்ன வயதில் எங்களுக்கு அது உறைக்கவும் இல்லை. இந்தப் பயணமே அதற்காகத்தான்.

ஜூலை 11, வெள்ளி

ராஜபாளையம் தாண்டியதுமே ஜன்னல் வழியாகக் காற்று மாறியது. தென்காசியில் இறங்கினால் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. பூத்தூவல் மாதிரி ஒரு ஈரம். குடை பிடித்தால் நனையமாட்டோம் என்று நினைப்பவர்கள் ஊருக்குப் புதியவர்கள். சாரல் பக்கவாட்டில் வரும். கேரளப் பக்கம் கொட்டித் தீர்க்கிற தென்மேற்குப் பருவமழையில் ஒரு பங்கு, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றோடு இந்தப் பக்கம் வந்துவிடுகிறது. மலைக்குக் கிழக்கே பெரும்பாலான ஊர்கள் ஜூலையில் காய்ந்து கிடக்க, இங்கே மட்டும் சீசன்.

காசி விஸ்வநாதர் கோயில் வாசலில் அந்தக் காற்று அம்மாவின் சேலையைப் பாய்மரமாக்கிவிட்டது. பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். இப்போதிருக்கும் ஒன்பது நிலை ராஜகோபுரம் 1990-இல் மறுபடி எழுந்தது. அம்மா 1981-இல் பார்த்தபோது கோபுரம் இப்படி முழுதாக நிற்கவில்லை. கழுத்து வலிக்கிற வரை அண்ணாந்து பார்த்தாள்.

மதியம் பேரருவி, அதாவது தம்பி சொன்ன மெயின் அருவி. சாலையில் வரும்போதே சத்தம் வயிற்றில் கேட்டது. தண்ணீர் வெள்ளையாக இல்லை, செம்மண் கலந்து தேநீர் நிறத்தில். பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் இரண்டிலும் கயிறு கட்டி போலீஸ் நின்றது. அம்மா முகம் வாடிவிட்டது. "இவ்வளவு தூரம் வந்து..." என்றாள். நான் வாதாடவில்லை. 2024 மே மாதம் மலைக்கு மேலே பெய்த மழை திடீரென்று வெள்ளமாக இறங்கி, பழைய குற்றால அருவியில் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனதை இருவருமே செய்தியில் பார்த்திருக்கிறோம். அந்தக் கயிற்றைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

நின்று பார்த்ததிலும் ஒரு லாபம் உண்டு. குளிக்கிறவர்கள் அருவியைப் பார்ப்பதே இல்லை. மேலிருந்து வரும் சிற்றாறு நேராகத் தரைக்கு வந்துவிடுவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, அங்கே கொதித்துப் பொங்கி, பிறகுதான் கீழே இறங்குகிறது. அந்தப் பள்ளம் வேகத்தை வாங்கிக்கொள்வதால்தான் மனுஷத் தலை தாங்குகிற அளவில் தண்ணீர் வருகிறது. பாறையில் செதுக்கிய சிவலிங்கங்கள் தண்ணீருக்குள் மறைவதும் தெரிவதுமாக இருந்தன.

பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில். சங்கு வடிவத்தில் கட்டியது. சம்பந்தர் இங்கே சாமியைப் பாடியதோடு நிற்காமல் தல மரமான குறும்பலாவுக்கும் தனியாக ஒரு பதிகம் பாடியிருக்கிறார். மரத்துக்குப் பதிகம் கிடைத்த ஊர் என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். சித்திர சபையில் நடராஜர் சிலையாக இல்லை, சுவரில் ஓவியமாக ஆடுகிறார். உள்ளே அருவிச் சத்தம் மெல்லிசாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஜூலை 12, சனி

அதிகாலை நாலே முக்காலுக்குச் சித்தி மகன் தம்பி கதவைத் தட்டினான். "பெரியம்மா, விடுதாங்க! கிளம்புங்க!"

இருட்டு இன்னும் விலகவில்லை. விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் நேற்றைவிட இளைத்து, வெளுத்திருந்தது. பைகளையும் செருப்புகளையும் தம்பியிடம் கொடுத்தேன். அம்மா பழக்கதோஷத்தில் பைக்குக் கை நீட்டினாள், நான் கொடுக்கவில்லை.

பெண்கள் பக்கம் முப்பது பேர் இருப்பார்கள். ஈரப்பாறையைப் பார்த்ததும் அம்மாவின் கால் நின்றுவிட்டது. எனக்கும் பயம்தான். அப்போது முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பி, "ஆச்சி, கையைத் தாங்க. கம்பியைப் பிடிச்சுக்கிடுங்க, நான் இந்தப் பக்கம் நிக்கேன்" என்றாள். நாகர்கோவிலா, நெல்லையா, கேட்கவில்லை. நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். உள்ளேயிருந்து இன்னும் இரண்டு பேர், "வழி விடுங்கட்டி, ஆச்சி வாராங்க" என்று இடம் ஒதுக்கினார்கள்.

முதல் அடி தோளில். அடுத்தது உச்சந்தலையில். மூச்சு ஒரு நொடி நின்று, பிறகு வாயால் வருகிறது. காது அடைத்துப்போகிறது, கண் திறக்க முடியாது, பிடரியில் பத்துப் பேர் மாற்றி மாற்றிக் குத்துகிற மாதிரி இருக்கிறது. ஆனால் வலி இல்லை. பக்கத்தில் இருப்பவள் யார் என்பதே மறந்துபோய் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம். அம்மா என்னமோ கத்தினாள். சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வரலாமா என்று இழுத்தேன். என் கையை உதறினாள்.

பத்து நிமிஷம் நின்றாள். 68 வயது, இரும்பு வைத்த முழங்கால்.

வெளியே வந்து நடுங்கிக்கொண்டே நின்றவளின் தலையை நான் துவட்டினேன். "என்னம்மா கத்தின?" என்றேன். "உங்க அப்பாவைக் கூப்பிட்டேன்" என்றாள். அப்பா போய் ஆறு வருஷம். வேறு எதுவும் பேசிக்கொள்ளவில்லை. சுடச்சுட இஞ்சி டீ குடித்தோம்.

கைகொடுத்த பெண்ணைத் தேடினேன், கூட்டத்தில் காணவில்லை.

குற்றாலத்துப் பசி தனிப்பசி. ஏழு மணிக்கே ஆளுக்கு ஆறு இட்லி. பிறகு ஐந்தருவி, ஐந்து கிளையிலும் தண்ணீர் விழுந்தது, ஆனால் சனிக்கிழமைக் கூட்டம், எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிட்டோம். வழிநெடுகப் பழக்கடைகள்: மங்குஸ்தான், ரம்புட்டான், வாசனையாலேயே கூப்பிடுகிற துரியன். மங்குஸ்தான் கிலோக் கணக்கில் வாங்கினோம். ராத்திரி செங்கோட்டைப் பக்கம் பரோட்டாவும் நாட்டுக்கோழியும்.

ஒன்று மட்டும் மனதை அறுத்தது. சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்குத் தடை என்று பலகை இருக்கிறது. அதன் காலடியிலேயே ஷாம்பு பாக்கெட்டுகள் கிழிந்து கிடக்கின்றன. இந்தத் தண்ணீர் இங்கேயே நின்றுவிடுவதில்லை. தென்காசி வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. நாம் கழுவிவிட்டதை யாரோ குடிக்கிறார்கள். கைக்கு எட்டியதைப் பொறுக்கித் தொட்டியில் போட்டோம். அம்மா குனியக்கூடாது என்று சொல்லியும் கேட்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் மறுபடி போனோம். மறுபடி கயிறு. ராத்திரி மேலே நல்ல மழையாம். இந்தத் தடவை அம்மா முகம் வாடவில்லை. கரையில் நின்று பார்த்தாள், கையில் பை இல்லாமல்.

தென்காசி ஸ்டேஷனில் ஈரத்துண்டுகள் ஒரு பையில், நேந்திரம் சிப்ஸ் ஒரு பையில். தம்பி கேட்டான், "அடுத்த சீசனுக்கு வருவீங்கல்ல பெரியம்மா?"

"ஐப்பசி மழைக்கும் தண்ணி விழும்லடா?" என்றாள் அம்மா.