சான்றிதழ் வரும் முன்

முதலீட்டு மேலாண்மை நிறுவனம் தொடங்க நினைப்பவர்களுக்கு, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பிடம் பதிவு பெறுவதற்கான விண்ணப்பம் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. வருகிறவர்களில் பெரும்பாலோர் சந்தையைக் கரைத்துக் குடித்தவர்கள். ஒரு பங்கை ஏன் வாங்கலாம், எப்போது விற்கலாம் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். பேச்சு பதிவுப் பக்கம் திரும்பியதும், "அது ஃபார்ம்தானே சார், நீங்களே பார்த்து முடிச்சிடுங்க" என்பார்கள். ஃபார்ம் எடுக்கும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: வாடிக்கையாளரின் பணம் யார் கையில் இருக்கும்?

பதில் சொல்லத் திணறுவார்கள். ஆனால் எந்தப் பதிவு தேவை என்பதையே அந்தப் பதில்தான் முடிவு செய்கிறது. ஆலோசனை மட்டும் சொல்லி, வாடிக்கையாளரே வாங்கி விற்றால் அது 2013 விதிமுறைகளின் கீழ் வரும் முதலீட்டு ஆலோசகர் பதிவு. ஒவ்வொருவருடைய பணத்தையும் அவரவர் பெயரில் வைத்து நிர்வகித்தால் போர்ட்ஃபோலியோ மேனேஜர், அதாவது பிஎம்எஸ். பலருடைய பணத்தை ஒன்றாகத் திரட்டினால் அது மாற்று முதலீட்டு நிதி, ஏஐஎஃப். அதற்கு 2012 விதிமுறைகள் தனியாக இருக்கின்றன. நண்பர்கள் பத்துப் பேரிடம் வாங்கி ஒரே கணக்கில் போட்டு பிஎம்எஸ் நடத்தலாம் என்ற எண்ணத்தோடுதான் பலர் வருகிறார்கள். அது நடக்காது.

கம்பெனிப் பெயரிலும் கவனம் வேண்டும். 'அசெட் மேனேஜ்மெண்ட்' போன்ற சொற்களைச் சேர்த்தால், சம்பந்தப்பட்ட ஒழுங்குமுறை அமைப்பின் நிபந்தனைகளை நிறைவேற்றியதாக உறுதிமொழி தர வேண்டும். அழகாக இருக்கிறதே என்று பெயர் வைத்து, கம்பெனிப் பதிவாளர் அலுவலகத்தோடு மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிஎம்எஸ்ஸுக்கு வருவோம். 2020 ஜனவரியில் வந்த விதிமுறைகள், நிறுவனத்துக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச நிகர மதிப்பை, அதாவது கடன் போக மிஞ்சும் சொந்தப் பணத்தை, 2 கோடியிலிருந்து 5 கோடியாக உயர்த்தின. வாடிக்கையாளர் போட வேண்டிய குறைந்தபட்சத் தொகையும் 25 லட்சத்திலிருந்து 50 லட்சமானது. இந்த 5 கோடியைத்தான் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மூலதனமாக 5 கோடியைப் போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். நிகர மதிப்பைக் கணக்கிடும்போது அதுவரை சேர்ந்த நஷ்டம் கழிக்கப்படும். தொழில் தொடங்கும் முன்பே அலுவலகம் வேண்டும், ஆட்கள் வேண்டும், மென்பொருள் வேண்டும். வருமானம் இல்லாத அந்த மாதங்களின் சம்பளமும் வாடகையும் நஷ்டமாகத்தான் விழும். சரியாக 5 கோடியோடு தொடங்கியவர் முதல் சம்பளத் தேதியிலேயே வரம்புக்குக் கீழே போய்விடுவார். விண்ணப்பக் கட்டணம் ஒரு லட்சம், பதிவுக் கட்டணம் பத்து லட்சம் என்பதும் இந்தச் செலவுகளோடு சேர்கிறது. அதனால் முதல் இரண்டு வருடச் செலவைத் தாளில் எழுதி, அதை 5 கோடிக்கு மேல் வைக்கச் சொல்வேன். "இவ்வளவு பணம் சும்மா கிடக்கணுமா?" என்று கோபப்படுபவர்கள் உண்டு. சந்தை விழுந்து கட்டணம் வராத வருடத்திலும் அலுவலகத்தைத் திறந்து வைக்கத்தான் அந்தப் பணம். முடியாது என்றால் இப்போது தொடங்க வேண்டாம் என்று நேரடியாகச் சொல்லிவிடுவேன்.

அப்புறம் ஆட்கள். முதன்மை அதிகாரிக்கு உரிய கல்வித் தகுதி, என்ஐஎஸ்எம் (தேசியப் பங்குச் சந்தைப் பயிற்சி நிறுவனம்) சான்றிதழ், பங்குச் சந்தை சார்ந்த ஐந்து வருட அனுபவம் வேண்டும். அந்த ஐந்தில் குறைந்தது இரண்டு வருடம் நிதி மேலாண்மையிலோ முதலீட்டு ஆலோசனையிலோ இருந்திருக்க வேண்டும். அனுபவம் இருக்கும், கடிதம் இருக்காது. பழைய நிறுவனம் கொடுத்த கடிதத்தில் 'மேனேஜர்' என்று பதவி மட்டும் இருக்கும், என்ன வேலை செய்தார் என்பது ஒரு வரிகூட இருக்காது. செபி கேட்பது அந்த ஒரு வரியைத்தான். வேலையை விடும்போதே பொறுப்புகளை விவரித்துக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று இளையவர்களிடம் எப்போதும் சொல்கிறேன்.

எனக்கு மிக முக்கியமாகப்படுவது கஸ்டோடியன், அதாவது வாடிக்கையாளரின் சொத்தைப் பாதுகாத்து வைத்திருக்கும் தனி நிறுவனம். வெறும் ஆலோசனை தரும் பிஎம்எஸ் தவிர மற்றவர்கள், வாடிக்கையாளர்களின் பங்குகளுக்குத் தனியாக ஒரு கஸ்டோடியனை நியமிக்க வேண்டும். இது கூடுதல் செலவு என்று முணுமுணுப்பவர்களிடம், முதலீட்டாளர்களின் பணத்தில் பெரும் மோசடி செய்த பெர்னார்ட் மேடாஃப் பற்றிச் சொல்வேன். அவர் 2006-இல் அமெரிக்காவில் முதலீட்டு ஆலோசகராகப் பதிவு பெற்றவர். 2008 டிசம்பரில் மோசடி வெளிப்பட்டபோதுதான், சொத்தை வைத்திருந்ததும் கணக்கு அறிக்கை அனுப்பியதும் அவருடைய நிறுவனமே என்பதன் விபரீதம் உலகத்துக்கு உறைத்தது. பதிவு இருந்தும் காப்பாற்றவில்லை. முடிவு எடுப்பவர் ஒருவர், சொத்தை வைத்திருப்பவர் வேறொருவர் என்ற பிரிவினை அங்கே இல்லை.

நம் ஊரிலும் இந்தப் பாடம் வலியோடு வந்ததுதான். தொண்ணூறுகளில் நிதி நிறுவனங்கள் கைவிரித்து, ஓய்வூதியப் பணத்தைப் போட்டவர்கள் தெருவில் நின்ற பிறகுதான் 1997-இல் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தக் குடும்பங்களை நினைத்தால் ஒரு விண்ணப்பத்தில்கூட அலட்சியமாக இருக்க என்னால் முடியவில்லை.

ஏற்கெனவே சிலருடைய கணக்குகளைப் பார்த்துக்கொண்டு, லாபத்தில் பங்கும் வாங்கிக்கொண்டிருப்பவர்கள் வருவதும் உண்டு. டீமேட் கடவுச்சொல் அவர்கள் கைப்பேசியில் இருக்கும். "சான்றிதழ் வர்ற வரைக்கும் இதைத் தொடரலாமா?" என்று நல்ல மனத்தோடுதான் கேட்பார்கள். கூடாது. செபி சட்டத்தின் 12-ஆவது பிரிவு, சான்றிதழ் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யக்கூடாது என்கிறது. சட்டத்தை மீறினால் பத்து வருடம் வரை சிறையும் 25 கோடி வரை அபராதமும் விதிக்க 24-ஆவது பிரிவு இடம் தருகிறது. அன்றே நிறுத்தச் சொல்வேன். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கணக்கு வைத்திருப்பவர்களிடம் தெரிவிக்கச் சொல்வேன். வாடிக்கையாளர் போய்விடுவார் என்று தயங்குபவரின் விண்ணப்பத்தை நான் எடுப்பதில்லை.

காத்திருக்கும் மாதங்களில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது: வெளிப்படுத்தல் ஆவணம். கட்டணம், ஆபத்துகள், நிறுவனத்தின் மீதுள்ள வழக்குகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும், ஒப்பந்தத்துக்கு முன்பே வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டும். பிற நிறுவனங்களுடையதை வெட்டி ஒட்டாமல், கட்டணப் பகுதியையாவது சொந்தமாக எழுதச் சொல்கிறேன். 50 லட்சம் போட்டவர் சந்தை ஏறினால் எவ்வளவு தருவார், இறங்கினால் எவ்வளவு தருவார் என்று கணக்கோடு எழுதி, நிதித் துறை தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் கேட்கும் கேள்விகளைக் குறித்துக்கொண்டு வரச் சொல்வேன்.