பாட்டைப் பற்றிக் கதைத்து ஆங்கிலம் பழகுதல்: கொழும்பு வெள்ளவத்தைக் குறிப்புகள்

7 ஜூன் 2025, சனி

இரண்டு பேர், ஒரு பாட்டு, 20 நிமிடம். பாட்டு நாலு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. முதல்தரம் கேட்கும்போது கொப்பி மூடியிருக்கட்டும். இரண்டாம் தரம் ஐந்து சொல் மட்டும் எழுதலாம். அதற்கு மேல் எழுதினால் கொப்பியில் கிடக்கும், வாயில் வராது. தமிழ்ப் பாட்டாக இருந்தால் இன்னும் நல்லது. பாட்டு ஏற்கெனவே விளங்குவதால் கவனம் முழுக்க அதைப் பற்றிச் சொல்லும் ஆங்கிலத்தில் நிற்கும்.

முதலில் சறுக்குவது நம் சொந்தப் பேச்சால்தான். 'அவர் நல்லாப் பாட்டுப் படிப்பார்' என்ற நினைப்பில் வாய் 'ரீட்' என்று போய்விடும். அங்கே 'சிங்'தான் வரவேண்டும். அடுத்தது 'லிஸின்'. 'பாட்டுக் கேட்டேன்' என்பதில் 'பாட்டு'க்கு வேற்றுமை உருபுகூடத் தேவையில்லை. அதனால் 'லிஸின் த சோங்' என்று நேராகச் சொல்லத் தோன்றும். நடுவில் 'ரூ' (to) கட்டாயம். 'லிஸின் ரூ' என்பதை ஒரே சொல் போலவே மனப்பாடம் செய்யுங்கள். 'லிஸின்' எழுத்தில் இருக்கும் 'ரீ' (t) ஒலிக்காது.

10 ஜூன், செவ்வாய், பொசன்

பொசன் பௌர்ணமியில் பக்திகீ என்ற பௌத்த பக்திப் பாட்டுகளைப் பாடும் குழுவைப் பார்த்துவிட்டு அதை ஆங்கிலத்தில் சொல்லப்போனால் 'குவயர்' வேண்டும். சி, எச், ஓ, ஐ, ஆர் என்ற எழுத்துகளைப் பார்த்து 'சொயர்' என்று படிப்பது வழமையான பிழை. 'கோரஸ்' அதே சி, எச் எழுத்துகளில் தொடங்கினாலும் வெறும் 'க'தான். திரும்பத் திரும்ப வரும் பகுதி கோரஸ், கிட்டத்தட்ட நம் பல்லவி. சரணத்துக்கு 'வேர்ஸ்'. நம் பாட்டு பெரும்பாலும் பல்லவியில் தொடங்கும்; ஆங்கிலப் பாட்டு பெரும்பாலும் வேர்ஸில் தொடங்கும். ஆகவே முதலில் வருவதைக் கோரஸ் என்று எண்ணிவிடாதீர்கள்.

14 ஜூன், சனி

இன்று சுருதி. நேரம் முழுவதும் இதற்கே போனது, போக வேண்டியதுதான்.

வெள்ளவத்தையில் 'ஃப்ளாற்' என்றால் தொடர்மாடி வீடு. பாட்டில் அது சுருதிக்குக் கீழே இறங்கிப் பாடுவது. மேலே ஏறினால் 'ஷார்ப்'. விளக்கம் சொல்லி இதைப் பதிய வைக்க முடியாது, தொண்டையால்தான் முடியும். கைத்தொலைபேசியில் சுருதி காட்டும் ரியூனர் செயலியைத் திறந்து, 440 ஹேர்ட்ஸில் உள்ள 'ஏ' சுரத்தை ஒலிக்க விடுங்கள். பிறகு ஒலியை நிறுத்திவிட்டு அதையே பாடுங்கள். ஆண்குரல் பெரும்பாலும் ஒரு ஸ்தாயி கீழே, 220இல் பிடிக்கும், அதுவும் 'ஏ'தான். செயலியில் தெரியும் முள் இடப்பக்கம் சாய்ந்தால், பக்கத்தில் இருப்பவர் உடனே 'யூ ஆர் அ லிற்றில் ஃப்ளாற்' என்று சொல்ல வேண்டும். வலப்பக்கம் சாய்ந்தால் 'ஷார்ப்'. பத்துத் தரம் மாறி மாறிச் சொன்னால் போதும். அதன் பிறகு 'சுருதி சேரவில்லை' என்பதற்கு 'அவுற் ஒஃப் ரியூன்' தானாகவே வரும்.

மெட்டுக்கும் 'ரியூன்'தான். மெட்டு நல்லது, வரிகள் சரியில்லை என்று சொல்ல வந்தால் 'த லிரிக்ஸ் ஆர் வீக்'. பாட்டு வரிகளைச் சொல்லும்போது 'லிரிக்ஸ்' பன்மை. 'இஸ்' சேர்க்கக் கூடாது. தொண்டை கட்டிக்கொண்டால் 'ஐ ஹாவ் லொஸ்ற் மை வொய்ஸ்'. ஆங்கிலத்தில் அங்கே 'கட்டுதல்' என்ற பேச்சே இல்லை.

21 ஜூன், சனி, உலக இசை தினம்

1982இல் பிரான்ஸில் தொடங்கிய நாள். இன்றைக்கு இலங்கையின் ஆட்டப் பாட்டான பைலாவை எடுத்தோம். 6/8 தாளம், ஒரு தாளச் சுற்றுக்குள் ஆறு எண்ணிக்கை, கால் தட்டுவது ஒன்றிலும் நாலிலும். அந்தத் தட்டுக்குப் பெயர் 'பீற்', வேகத்துக்கு 'ரெம்போ', காதில் ஒட்டிக்கொள்ளும் குணத்துக்கு 'கச்சி'. பைலாவைப் பற்றிக் கதைக்கும்போது இந்த மூன்றும் சேர்ந்தே வரும்.

பிழை விட்ட இடம் 'பேஸ்' கிற்றார். பி, ஏ, எஸ், எஸ் என்பதைப் பார்த்துப் 'பாஸ்' என்று வாசித்தோம். அந்த ஒலிப்பில் அது ஒரு மீனின் பெயர். 'ரெக்கோர்ட்' இன்னொன்று: இசைத்தட்டு என்றால் அழுத்தம் முதல் அசையில், பதிவுசெய் என்றால் இரண்டாம் அசையில், 'ரிக்கோர்ட்'. கைதட்டிச் சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் பிடிபடும்.

செவ்வாய்க்கிழமை இதே சொற்களை வேறொரு பாட்டுக்குச் சொல்ல வேண்டும். கொப்பி பார்க்கக் கூடாது.